காவிரிக் கரையில் ஐந்து நாள்

ஊர்கள் பலவற்றைக் காண விரும்புவோர்க்கு ஊர்திகள் பல உள. வானூர்தியிற் செல்வோன் மேகத்தைக் காண்பான், நிலத்தைக் காணான். புகைவண்டியிற் செல்வோன் நிலத்தைக் காண்பான். அதன் மணத்தை நுகரான். நடந்து செல்வோன் எல்லாவற்றையும் காண்பான். ஆனால், அவனுக்குப் பொழுது போதாது. இவற்றிற்கு இடைப்பட்டு, நடப்பவன் காணும் காட்சியையும் நடப்பவனுக்கு இல்லாத விரைவையும் ஒருங்கே தருவது மிதிவண்டி. அதற்குத் தீனி வேண்டா. எண்ணெயும் மிகுதியாக வேண்டா. செலுத்துவோனின் கால்வலிமை ஒன்றே போதும்.

இம் மிதிவண்டி ஒருவர் ஒரு நாளில் ஆக்கியதன்று. 1817ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டினராகிய கார்ல் டிரைஸ் என்பவர், இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, காலால் நிலத்தை உந்திச் செல்லும் வண்டி ஒன்றைச் செய்தார். 1860களில் பிரான்சு நாட்டார் முன்சக்கரத்தில் மிதிகளைப் பொருத்தினர். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியை உருவாக்கினார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை அமைத்தார். முன்னவர் விட்ட இடத்திலிருந்து பின்னவர் தொடர்ந்தமையால் அன்றோ நாம் இன்று இனிது ஏறிச் செல்கின்றோம்! பலர் கூடிச் செல்லும் பயணத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை நான் ஒரு முறை பட்டறிந்தேன். அதனை ஈண்டுக் கூறுவேன்.

1998ஆம் ஆண்டு மார்கழித் திங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தனர். அப்பொழுது நான் திருச்சிராப்பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். மாணவர் பதினொருவர், உடற்பயிற்சி ஆசிரியர், நான் ஆகப் பதின்மூவர் மிதிவண்டியில் காவிரிக் கரை வழியே கடல்வரை செல்வதென்று முடிவு செய்தோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து காவிரிக் கரை வழியே உறையூர்க்கு நடந்து வந்தனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். அவர்கள் வந்த திசைக்கு எதிராக, உறையூரிலிருந்து புகார் நோக்கிச் செல்வது எங்கள் திட்டம். பூம்புகாரைக் கண்டபின் தரங்கம்பாடிக்கும் செல்லக் கருதினோம். 1706ஆம் ஆண்டு அங்கு வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் நூல்களை அச்சிட அச்சகம் நிறுவிய ஊர் அது. அதனைக் காணவேண்டும் என்னும் வேட்கை மற்றெவரினும் எனக்கே மிகுதி.

முதல்நாள் வைகறையில் உறையூரிலிருந்து புறப்பட்டோம். ஒவ்வொருவரும் மாற்றுடை, போர்வை, தண்ணீர்க் குப்பி ஆகியவற்றை வண்டியின் கேரியரில் கட்டியிருந்தனர். பொதுவில் காற்றடிக்கும் பம்பு ஒன்றும், ஸ்பேனர்களும், பஞ்சர் ஒட்டுதற்குரிய ரப்பர்த் துண்டும் பசையும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டோம். உடற்பயிற்சி ஆசிரியர் முன்னே செல்வது. நான் இறுதியில் வருவது. இடையில் மாணவர்கள் வருவது. இதுவே நாங்கள் வகுத்துக்கொண்ட முறை.

மலைக்கோட்டையைப் பின்னே விட்டுச் சர்க்கார்பாளையம் வழியாகச் சென்று கல்லணையை அடைந்தோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் கரிகாற் பெருவளத்தான் கட்டியது எனப் போற்றப்படும் அவ்வணை, ஏறத்தாழ 1,080 அடி நீளமுடையது. மணற்படுகையில் பெருங்கற்களை இட்டு எழுப்பிய அதன் கட்டுமானத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரும் வியந்து போற்றினார். அங்கே நீர் காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிகின்றது. மிகுந்த வெள்ளம் கொள்ளிடத்தில் விடப்படுகின்றது. "ஓர் ஆற்றை ஏன் ஐயா இத்தனை கூறாக்குகின்றனர்?" என்று ஒரு மாணவன் வினவினான். "கடலில் போய்ச் சேர்வதற்காகவா ஆறு ஓடுகின்றது? வயலுக்காக அன்றோ!" என்றேன். அன்றிரவு திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கினோம்.

இரண்டாம் நாள் நடுக்காவேரி வழியே சென்றோம். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த வேங்கடசாமி நாட்டார் பிறந்த ஊர் அது என்று கூறி, வண்டியை விட்டிறங்கி வணங்கினேன். பின்னர்த் திருவையாற்றில் தியாகராசரின் சமாதியைக் கண்டு, ஆற்றங்கரையில் உணவுண்டு, பாசிப்பருப்பில் செய்த அசோகா அல்வாவையும் சுவைத்துத் தஞ்சையை நோக்கித் திரும்பினோம். திருவையாற்றிற்கும் தஞ்சைக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். ஆயினும், அச்சிறு வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடத்தல் வேண்டும். ஒவ்வொரு பாலத்திலும் அதன் பெயரை மாணவர்க்குக் கூறவேண்டும் என்னும் ஆர்வத்தால், இறுதியில் வரவேண்டிய நான் முன்னணிக்குச் சென்றுவிட்டேன். வலிமை மிக்க மாணவர்கள் விரைந்து மிதித்தனர். நானும் அவர்களோடு விரைந்தேன். நான்காம் பாலத்தில் நின்று தலைகளை எண்ணினேன். பதினொருவர் இருக்கவேண்டிய இடத்தில் பதின்மரே இருந்தனர்.

காணாமற்போனவன் எங்களுள் இளையவன். ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனுடைய வண்டி அவனுக்கு மிக உயரம். இருக்கையில் அமர்ந்தால் கால் மிதியின் அடிவரை எட்டாது. இடுப்பை இருபுறமும் சாய்த்துச் சாய்த்தே மிதித்து வந்தான். என் நெஞ்சம் துணுக்குற்றது. எங்கள் கூட்டத்தில் எல்லாரினும் விரைந்து செல்லும் நெட்டை மாணவனை உடனழைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். இரண்டு கிலோமீட்டர் சென்றதும் சாலையோரப் புளியமரத்தடியில் அவனைக் கண்டோம். எங்களை எட்டிப் பிடிக்க விரைந்தவன், பின்வந்த பேருந்திற்கு ஒதுங்குகையில் தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து சரிந்து, ஒரு கல்லில் மோதி வீழ்ந்திருந்தான். முழங்காலில் குருதி வடிந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. அவனோ காலைப் பாராமல் சக்கரத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

"வலிக்கிறதா, தம்பி?" என்றேன்.

"கால் வலி பெரிதில்லை, ஐயா. இது என் தந்தையாரின் வண்டி. அவர் நாள்தோறும் இதில்தான் பால் கொண்டுபோய்க் கொடுக்கிறார். என் ஆசையைக் கண்டு ஐந்து நாளைக்கு இதனை எனக்குத் தந்துவிட்டு, இரண்டு பால் கேன்களையும் கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறார். இதை உடைத்துக்கொண்டு அவர்முன் எப்படிப் போய் நிற்பேன்?" என்றான்.

நெட்டை மாணவன் தலைகுனிந்தான். நானும் வாய்பேசாது நின்றேன். அவன் வீழ்ந்தபோது அவன்பின் வந்திருக்க வேண்டியவன் நான் அல்லனோ?

அவன் காலைக் கழுவிக் கட்டினோம். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப்பிடித்து உருட்டிக்கொண்டு, அருகிருந்த சிற்றூரின் சைக்கிள் கடைக்குக் கொண்டுசென்றோம். கடைக்காரர் முதியவர். எங்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்து, "சற்று முன்பு இவ்வழியே பறந்துசென்ற கூட்டத்தில் இந்தப் பிள்ளையும் ஒருவனா?" என்றார். அவ்வினா என்னைச் சுட்டது.

அவர் சக்கரத்தைக் கழற்றி, ஒடிந்த கம்பிகள் மூன்றை நீக்கிப் புதியன கோத்தார். பின்னர்ச் சக்கரத்தைச் சுழலவிட்டு, விளிம்பின் அருகே சுண்ணக்கட்டியைப் பிடித்தார். கோணிய இடம் மட்டும் கட்டியில் உரசி வெண்குறி பெற்றது. அவ்விடத்தில் ஒருபுறக் கம்பிகளை இறுக்கி மறுபுறக் கம்பிகளைத் தளர்த்தினார். மீண்டும் சுழற்றினார், மீண்டும் குறியிட்டார், மீண்டும் முறுக்கினார். இதனைப் 'பெண்டு எடுத்தல்' என்பர். ஒரு மணி நேரம் ஆயிற்று. இறுதியில் சக்கரம் எங்கும் உரசாமல் நேரே ஓடியது. அதன்பின் அவர் இருக்கையைத் தாங்கும் தண்டில் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டு, இருக்கையைக் கீழே இறக்கி இறுக்கினார். "இந்தக் கோடு உன் தந்தையின் உயரம்; வீட்டுக்குப் போனதும் இங்கே ஏற்றி வைத்துவிடு" என்று இளையவனிடம் கூறினார். இருக்கையைத் தாழ்த்தலாம் என்பது எங்களுள் ஒருவர்க்கும் அதுவரை தோன்றவில்லை. தந்தையின் வண்டியைத் தொட்டு மாற்ற அவனுக்கும் மனம் வரவில்லை.

உரிய கூலியைப் பெற்றுக்கொண்டு அவர் எனக்கும் ஓர் அறிவுரை கூறினார்: "இந்த மாதத்தில் கிழக்கே போனால் எதிர்காற்று விடாது. சின்னப் பிள்ளையைக் கடைசியில் தனியே விட்டால் காற்று முழுவதும் அவன் நெஞ்சில் அடிக்கும். வலுவுள்ளவன் முன்னே போகட்டும். அவன் பின்சக்கரத்தை ஒட்டி இவன் வரட்டும். இவன் மணி அடித்தால் அவன் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கடைசியில் வரவேண்டும்."

தென்றலையும் வாடையையும் கொண்டலையும் கோடையையும் வகுப்பில் பல்லாண்டு விளக்கியவன் நான். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் தடையின்றிக் கூறுவேன். வாடையும் கொண்டலும் கலந்து வீசும் மார்கழியில் அவற்றின் எதிரே செல்லும் சிறுவனுக்கு யாது செய்யவேண்டும் என்பதை அம் முதியவரிடமே கற்றேன்.

அன்றிரவு தஞ்சையில் கூடிப் பேசினோம். உடற்பயிற்சி ஆசிரியர், "இவன் காலில் காயம் பட்டுள்ளது. நாளைக் காலையில் இவனைப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவதே நலம். வண்டியையும் பேருந்தின் கூரைமேல் ஏற்றிவிடலாம். எஞ்சியோர் குறித்தபடி செல்லலாம்" என்றார். அவர் கூறியது அன்பின்மையால் அன்று, பொறுப்பினால். "அவனையும் உடன்கொண்டு மெல்லச் செல்வதாயின் தரங்கம்பாடியைக் கைவிட நேரும். நீங்களே முடிவு கூறுங்கள்" என்றேன் நான். மாணவர் பதின்மருள் நால்வர் தரங்கம்பாடியைக் காணவேண்டும் என்றனர். அப்பொழுது நெட்டை மாணவன் எழுந்து, "இன்று அவன் விழுந்ததற்குக் காரணம் அவன் கால் அன்று, என் வேகம். நாளை முதல் அவன் என் பின்சக்கரத்தை ஒட்டி வரட்டும்" என்றான். எஞ்சிய ஐவரும் அவன் பக்கம் நின்றனர். எனக்குள்ளும் ஒரு போராட்டம் நிகழ்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். தமிழ் அச்சேறிய ஊரை அவ்வளவு அருகில் வந்து காணாது திரும்புவதா என்று உள்ளம் வருந்தியது. ஆயினும், புளியமரத்தடியில் கண்ட காட்சி அவ் வருத்தத்தை வென்றது.

மூன்றாம் நாள் காலையில் தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டோம். முதலாம் இராசராசன் எழுப்பி 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக் கோயிலின் விமானம் 216 அடி உயரம் எனக் கூறுவர். உயரத்தை நோக்கி வியந்த மாணவர்களை அடிச்சுவரின் பக்கம் அழைத்துச் சென்று கல்வெட்டுகளைக் காட்டினேன். மன்னன் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரும், பணிபுரிந்த எளியோர் பலரின் பெயர்களும் அங்குக் காணப்படுகின்றன. பெருஞ்செயல் பலர் கூடிச் செய்வது என்பதை அம் மன்னன் மறந்திலன்.

அங்கிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முன்னே நெட்டை மாணவன், அவனை ஒட்டி இளையவன், இறுதியில் நான். எதிர்காற்று வீசியது. மணி ஒருமுறை ஒலித்தால் மெல்லச் செல்வோம். இருமுறை ஒலித்தால் நிற்போம். தரங்கம்பாடியை விரும்பிய மாணவருள் ஒருவன் நண்பகல்வரை முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால், நாங்கள் நின்ற இடந்தோறும் ஏதேனும் ஒரு புதுமை காத்திருந்தது. வாயில்தோறும் கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் செருகிய பறங்கிப்பூ மலர்ந்திருந்தது. சம்பாப் பயிர் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வாய்க்கால் மதகின்மேல் மீன்கொத்தி இமையாது நோக்கியிருந்தது. ஓரிடத்தில் சாம்பல்நிறப் பசுவின் அருகே செந்நிறக் கன்று ஒன்று நிற்கக் கண்டு, பால்காரர் மகனாகிய இளையவன் வியந்து வினவினான். அங்கிருந்த உழவர், "இது உம்பளச்சேரி மாடு. கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். வளர வளர நிறம் மாறும். சேற்றுவயலில் உழுவதற்கு இதற்கு நிகர் இல்லை" என்று விளக்கினார். முதலிரண்டு நாளும் இத்தகைய கன்றுகள் எத்தனையைக் கடந்து சென்றோமோ! நாங்கள் ஒன்றையும் கண்டிலோம்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தை எண்ணி வணங்கினோம். 1855இல் தோன்றிய, அவ்வூரினராகிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தபோது, 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். ஏடு தேடி அவர் ஊர் ஊராக அலைந்தமையால் அன்றோ கண்ணகி நடந்த வழியை நாம் அறிகின்றோம்! சுவாமிமலையில் சிற்பியர் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல்மண்ணைப் பூசி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ் வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் தொழிலைக் கண்டோம். அச்சை உடைத்தே சிலையை எடுத்தலின், ஓர் அச்சிற்கு ஒரு சிலைதான்.

நான்காம் நாள் மயிலாடுதுறை சேர்ந்தோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, இங்கு முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் ஆவார். அன்றிரவு மாணவர்க்கு நாடுகாண் காதையின் செய்தியைக் கூறினேன். புகாரை விட்டுச் சிறிது தொலைவே நடந்த கண்ணகி களைப்புற்று, மதுரை எங்குளது என்று வினவினாள். கவுந்தியடிகளும் உடன் வர, அவர்கள் நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்குமேல் கடவாமல், இடையிடையே பல நாள் தங்கிச் சென்றனர். வயல்வழியே நடக்கையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்காவண்ணம் பார்த்து நடக்குமாறு அடிகள் அறிவுறுத்தினார். "மெல்லியலார் ஒருத்தியின் நடைக்கு மற்றையோர் தம் நடையை அமைத்துக்கொண்டனர்" என்று நான் கூறியபோது, முகம்கொடாதிருந்த மாணவன் இளையவனின் வண்டியைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் முற்பகலில் பூம்புகாரை அடைந்தோம். 1973இல் அமைத்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கண்டபின் கடற்கரைக்குச் சென்றோம். திருச்சிராப்பள்ளியில் அகன்ற பேராறாகக் கண்ட காவிரி, அங்கு ஒரு சிறு வாய்க்கால்போல் கடலில் கலந்தது. "இவ்வளவுதானா, ஐயா?" என்று மாணவர்கள் ஏமாற்றத்தோடு வினவினர். இளையவன், "கல்லணையில் நீங்கள் கூறியது இதுதானா, ஐயா? வயலுக்கெல்லாம் கொடுத்ததுபோக மீதம் வந்திருக்கிறது" என்றான். அவனுக்கு நான் வேறு விடை கூறவேண்டியதில்லை. தெற்கே தரங்கம்பாடி இருக்கும் திசையை ஒருமுறை நோக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். மயிலாடுதுறையில் வண்டிகளைப் புகைவண்டியில் ஏற்றித் திருச்சிராப்பள்ளி திரும்பினோம்.

நாங்கள் மிதித்துச் சென்ற வழி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். அதன் பின்னர்த் தரங்கம்பாடிக்கு நான் மும்முறை சென்றுள்ளேன். அன்று செல்லாமையால் அவ்வூர் எங்கும் போய்விடவில்லை.

ஊர் திரும்பிய அன்றே இளையவனை அவன் வீட்டில் விடச் சென்றேன். நிகழ்ந்ததை மறைக்காது கூறி, பிழை என்னுடையது என்றேன். அவன் தந்தையார் ஒன்றும் கூறாது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார். அது பிரேக்குக் கட்டைகளில் உரசாமல் நெடுநேரம் ஓடியது. "முன்னைவிட நேராகவே ஓடுகிறது, ஐயா" என்றார். மகன் ஸ்பேனரை எடுத்து, இருக்கையைத் தண்டிலிருந்த கோடுவரை ஏற்றி இறுக்கினான். மறுநாள் விடியலில் அவ் வண்டி பால் கேன்களோடு தெருவில் சென்றது.

மாணவர்களே! நீங்களும் நண்பர்களோடு மிதிவண்டியில் ஊர் காணச் செல்லுங்கள். புறப்படுமுன் சக்கரத்தையும் தடையையும் சங்கிலியையும் ஆராயுங்கள். இருக்கையை உங்கள் உயரத்திற்கு அமைத்துக்கொள்ளுங்கள். சாலையின் இடப்புறமாக ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். பாலந்தோறும் நின்று தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறையின், ஒரு கணமும் தாழாது திரும்பிச் செல்லுங்கள்.